பௌர்ணமிக்கு ஓடாத சாஃப்ட்வேர்

புரட்டாசிப் பௌர்ணமி அன்று நானும் என் தங்கை மஞ்சுளாவும் மலையை இடமாகச் சுற்றினோம்.

திருவண்ணாமலையில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. லட்சக்கணக்கான பேர் வலமாக வந்துகொண்டிருக்க, நாங்கள் இருவர் மட்டும் எதிர்த்திசையில். அவள் தோளில் லேப்டாப் பை. என் கையில் சார்ஜர். நெற்றி நிறைய விபூதியோடு வந்த ஓர் அம்மா நின்று, வழியை மறித்துக் கேட்டார்.

"ஏங்க, பாத்தா படிச்சவங்க மாதிரி இருக்கீங்க... இப்படி எதிர்ல வர்றீங்களே, குடும்பத்துக்கு ஆவுமா?"

என்ன சொல்வது? சாஃப்ட்வேர் லைசென்ஸ் காலாவதி ஆகிவிட்டது, அம்மா – என்றா?

இதை அப்போதே எழுத மனம் வரவில்லை. சென்ற வாரம், கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டம் கலைந்து ஊர் மூச்சு விட்ட நேரத்தில், கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு போன் வந்தது. அதற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

மஞ்சுளாவைப் பழைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். என் வீட்டு மிக்ஸியைப் பிரித்துப் போட்டு மாட்டினாள், ஒரு ஸ்க்ரூ மிச்சம் வந்தது, மிக்ஸி முன்னைவிட நன்றாக ஓடியது என்று எழுதியிருந்தேனே... அதே தங்கைதான். மெக்கானிக்கல் டிப்ளமோ. செங்கம் ரோட்டுக்கு உள்ளே ஒரு சந்தில் வாடகை ஷெட். அதில் மல்லாட்டை உடைக்கும் மெஷின் செய்கிறாள். மற்ற ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை – நிலக்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம்.

மெஷினில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஓர் உருளை, அதன் கீழே ஒரு சல்லடை. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் விஷயமே இருக்கிறது. இடைவெளி ஜாஸ்தியானால் ஓடு உடையாது. கம்மியானால் பருப்பு நொறுங்கும். அதைச் சரியாகப் பிடிக்க அவள் நாலு வருடம் தலைகீழாக நின்றிருக்கிறாள்.

இந்த வருடம் அந்த மெஷின் மானியப் பட்டியலில் இடம் பிடித்தே ஆக வேண்டும். பட்டியலில் உள்ள மெஷினை வாங்கினால்தான் விவசாயிக்கு மானியம். மானியம் இல்லாத மெஷினை யார் வாங்குவார்கள்? ஓசூரில் வேலை பார்க்கும் அவள் கணவர் சொல்லிவிட்டார்: "இந்த வாட்டியும் லிஸ்ட்ல வரலைன்னா ஷெட்டை மூடிட்டு வந்துடு." அவளும் சரி என்று தலையாட்டிவிட்டாள். கீழ்பென்னாத்தூர் விவசாயி பச்சையப்பன் மாதிரி நாலைந்து பேர், "நீ லிஸ்ட்ல வா மஞ்சு, உன்னுதத்தான் வாங்குவோம்" என்று காத்திருந்தார்கள்.

பட்டியலில் வர என்ன வேண்டும்? மெஷின் நன்றாக ஓட வேண்டும் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். வேண்டியது வரைபடம். ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக, அளவு போட்டு, எண் போட்டு. கூடவே தமிழில் ஒரு மேனுவல். வரைபடத்தில் ஒரு போல்ட்டுக்கு என்ன எண்ணோ, மேனுவலிலும் அதே போல்ட்டுக்கு அதே எண் இருக்க வேண்டும்.

அங்கேதான் எங்கள் வண்டி மாட்டிக்கொண்டது.

மஞ்சுளாவிடம் டில்லி என்று ஒரு டிராஃப்ட்ஸ்மேன். கம்ப்யூட்டரில் படம் போடுவதில் கெட்டிக்காரன். ஆனால் படம் ஒரு சாஃப்ட்வேரில், அதுவும் யாரோ கொடுத்த திருட்டு காப்பி. மேனுவல் இன்னொன்றில், டைப் அடித்துப் படத்தை ஒட்டியது. மஞ்சுளா ஷெட்டில் எதையாவது மாற்றுவாள். டில்லி படத்தை மாற்றுவான். மேனுவலை மாற்ற இரண்டு பேருமே மறந்துவிடுவார்கள். அப்படித்தான் ஒரு முறை, சோதனைக்காகக் கொடுத்திருந்த மெஷினில் பச்சையப்பன் பழைய மேனுவலைப் பார்த்து இடைவெளியை வைத்துவிட்டார். நொறுங்கிய மல்லாட்டையை ஒரு கோணிப்பையில் கட்டிக்கொண்டு வந்து, அவள் மேஜைமேல் தொப்பென்று போட்டார்.

"இத இன்னா பண்றது மஞ்சு? சட்னி அரைச்சிக்கட்டுமா?"

ஆக, வரைபடமும் மேனுவலும் ஒன்றாகப் பிறக்கிற மாதிரி ஒரு சாஃப்ட்வேர் வாங்குவது என்று முடிவானது. மஞ்சுளாவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட நாங்கள் இவ்வளவு விசாரிக்கவில்லை.

முதலில் பார்த்தது பெரிய பெயர் உள்ள ஒன்று. விலையைக் கேட்டுவிட்டு மஞ்சுளா போனை என்னிடம் கொடுத்தாள். நானும் கேட்டேன். வைத்துவிட்டேன்.

அடுத்து, இலவசமாகக் கிடைக்கிற ஒன்று. டில்லி ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினான். படமெல்லாம் நன்றாகவே வந்தது. தமிழ் எழுதச் சொன்னால்தான் வம்பு. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், புள்ளி எங்கேயோ. 'போல்ட்டை இறுக்கவும்' என்ற வரியைப் பார்த்தால், வரியே கழன்று கிடந்தது.

கடைசியாக வந்தது மாதச் சந்தா கட்டுகிற ஒன்று. சென்னையிலிருந்து சேல்ஸ்மேன் வீடியோ காலில் வந்து செய்து காட்டினார். படத்தில் ஓர் அளவை மாற்றினார். மேனுவலில் அதே அளவு தானாக மாறியது. தமிழும் ஒழுங்கு – கொம்பும் காலும் அதனதன் இடத்தில். மஞ்சுளா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பச்சையப்பனின் கோணிப்பை அவள் கண் முன்னால் வந்திருக்கும்.

எத்தனை கேள்வி கேட்டோம் தெரியுமா? பிரிண்ட் எடுத்தால் அளவு சரியாக வருமா? நடுவில் ஒரு பாகத்தை எடுத்தால் எண்கள் மாறுமா? பழைய படங்களை உள்ளே கொண்டுவரலாமா? எல்லாம் முடியும் என்றார். கடைசியில் அவரே ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்.

"நெட் மட்டும் இருந்தா போதும் மேடம். உலகத்துல எங்கருந்து வேணாலும் வேலை பாக்கலாம்."

உலகத்தில் எங்கிருந்து வேண்டுமானாலும்... நாங்களும் சந்தோஷமாகத் தலையாட்டினோம்.

டில்லிதான் மெதுவாக ஒரு யோசனை சொன்னான். "அக்கா, ட்ரையல் வெர்ஷன் ஃப்ரீயாத் தர்றாங்க. அதுலயே இந்த வேலைய முடிச்சிட்டா இன்னா? ஒவ்வொரு பக்கத்து மூலையிலயும் 'சோதனைப் பதிப்பு'ன்னு லைட்டா விழும். அவ்ளோதான்."

மஞ்சுளாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "லிஸ்ட்டுக்குக் குடுக்கறதுடா. மூலையில சோதனைப் பதிப்புன்னு இருந்தா தூக்கிக் கடாசிடுவாங்க. வேணாம், முறையா வாங்கியே போடலாம்."

நான் "சபாஷ், அதுதான் சரி" என்றேன். அண்ணன் அல்லவா.

எப்போது வாங்குவது? அப்போது ஆடி மாதம். ஆடியில் யாராவது புதிதாக ஒன்றைத் தொடங்குவார்களா? ஆடி போகட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆவணி பிறந்ததும் நல்ல நாள் பார்த்தோம். எங்கள் ஊரில் பௌர்ணமியைவிட நல்ல நாள் உண்டா? ஆவணிப் பௌர்ணமி காலையில், கூட்டம் சேருவதற்கு முன்பே, லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. மஞ்சுளா கையில் கற்பூரத் தட்டோடு நிற்க, பெயர், போன் நம்பர் என்று அது கேட்டதையெல்லாம் டில்லி தட்டிவிட்டான். கடைசிப் பட்டனை மட்டும் மஞ்சுளா அழுத்தினாள். பச்சை டிக் வந்தது. எல்லோரும் மைசூர்பாகு சாப்பிட்டோம்.

அந்தப் பச்சை டிக்குக்குக் கீழே பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. அதையெல்லாம் யார் படிக்கிறோம்?

டில்லி மாடாய் உழைத்தான். வரைபடங்களும் மேனுவலும் அழகாக வந்தன. கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே மஞ்சுளா எல்லாவற்றையும் பட்டியலுக்கான இணையதளத்தில் ஏற்றிவிட்டாள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கடைசி நாள் வரைக்கும் தூங்கினார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. கடைசித் தேதிக்கு முதல் நாள் மத்தியானம் பதில் வந்தது. பெல்ட்டை மூடும் தகட்டுக்குப் படம் இல்லை. அதைச் சேர்த்து, முழுவதையும் மறுபடி ஏற்றவும் – நாளை மாலை ஐந்து மணிக்குள்.

நியாயமான ஆட்சேபணைதான். பெல்ட்டில் கை மாட்டினால் கை போய்விடும். டில்லி சாயங்காலத்துக்குள் அந்தப் படத்தைப் போட்டுவிட்டான். மேனுவலும் தானாக மாறிக்கொண்டது. "காலைல ஒரு வாட்டி பொறுமையாப் பாத்துட்டு ஏத்திடலாம்" என்றாள் மஞ்சுளா. மேனுவல் விஷயத்தில் ஒரு முறை சூடு கண்டவள் அவள்.

மறுநாள்தான் புரட்டாசிப் பௌர்ணமி.

பௌர்ணமி அன்று எங்கள் ஊரில் செல்போன் என்பது டார்ச் லைட், அவ்வளவுதான். வருகிற அத்தனை பேரும் ஆளுக்கொரு போனோடு வருகிறார்கள். அத்தனை பேரும் மலையை வீடியோ எடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சிக்னல் முழுசாகக் காட்டும். ஒரு ஹலோ போகாது. அதனால் நாங்கள் அன்றைக்கு வீட்டு விசேஷம் வைக்க மாட்டோம், சரக்கு அனுப்ப மாட்டோம், முடிந்தால் பல்வலியைக்கூட மறுநாளுக்குத் தள்ளிவைப்போம். மஞ்சுளாவின் ஷெட்டுக்கு வந்துகொண்டிருந்த கேபிள் நெட்டோ, ரோடு தோண்டியபோது அறுந்ததோடு சரி. போனிலிருந்து எடுக்கும் நெட்டில்தான் பிழைப்பு.

அன்று காலையிலேயே திதி பிறந்துவிட்டது. கூட்டமும் காலையிலேயே வந்துவிட்டது. மஞ்சுளா மேனுவலைப் பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை சாம்பல் நிறமானது. 'உங்கள் உரிமத்தைச் சரிபார்க்க வேண்டியுள்ளது. தயவுசெய்து இணையத்தில் இணையவும்.' படமும் இல்லை, மேனுவலும் இல்லை. இணைய முயன்றார்கள். முயன்றுகொண்டே இருந்தார்கள். போன் போகாததால் டில்லி என் வீட்டுக்கு ஓடியே வந்தான்.

விஷயம் இதுதான். முப்பது நாளுக்கு ஒரு முறை அந்த சாஃப்ட்வேர் இணையம் வழியாகத் தன் கம்பெனிக்குத் தலையைக் காட்ட வேண்டும். இடையில் எத்தனை தடவை நெட்டில் இருந்தாலும் கணக்கில்லை. அதுதான் அந்தப் பொடி எழுத்து. பௌர்ணமியில் வாங்கிய ஒன்றுக்கு முப்பதாம் நாள் எங்கே வந்து விழும்? அடுத்த பௌர்ணமி மடியில்தானே? உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. பௌர்ணமிக்கு நெட் கிடைக்கிற ஊரில் பிறந்தவனுக்கு இது ஒரு தப்பே இல்லை. எங்களுக்குத்தான்.

ஒரு பொருளை வாங்கும்போது 'இது எனக்கு என்னவெல்லாம் செய்யும்' என்று துருவித் துருவிக் கேட்கிறோம். 'இது என்னிடம் என்ன கேட்கும், எப்போது கேட்கும்' என்று யாராவது கேட்கிறோமா?

"கீழ்பென்னாத்தூர் போயிடலாம்ணா" என்றாள் மஞ்சுளா. "பச்சையப்பண்ணன் வீட்ல நெட் கிடைக்கும். டில்லி, நீ இங்கியே இரு. இங்க நெட் வந்துச்சுன்னா நீயும் பழைய கம்ப்யூட்டர்ல ட்ரை பண்ணு."

வண்டி எடுக்க முடியாது. செங்கம் ரோடே அன்றைக்குக் கிரிவலப் பாதை. நடக்க வேண்டும். கூட்டத்தோடு போனால் மலையை முழுக்கச் சுற்றிக்கொண்டுதான் ஊருக்குள் வரலாம். எதிரில் போனால் பக்கம். அப்படித்தான் அந்த எதிர்ச்சுற்று. "கொஞ்சம் வழி விடுங்க... வழி விடுங்கம்மா..." என்று சொல்லிச் சொல்லி மஞ்சுளாவின் தொண்டை கட்டிவிட்டது. அன்னதானக்காரர் ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தி, சுடச்சுட சாம்பார் சாதத் தொன்னையைத் திணித்தார். பிரசாதத்தை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஒரு கையில் லேப்டாப் பையை அணைத்துக்கொண்டு, இன்னொரு கையில் தொன்னையோடு என் தங்கை வேகமாக நடந்ததை நான் மறக்க மாட்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது.

ஊர் எல்லையில் தற்காலிகப் பேருந்து நிலையம். உள்ளே வரும் பஸ் எல்லாம் பிதுங்கி வழிய, வெளியே போகும் பஸ்ஸில் நாங்களும் கண்டக்டரும் மட்டும். பஸ் ஊர்ந்தது. பச்சையப்பன் வீட்டுக்குள் நுழைந்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

நெட் பிரமாதமாக இருந்தது. லேப்டாப்பைத் திறந்தாள். 'மீண்டும் வருக' என்றது சாஃப்ட்வேர். அப்படியே அடுத்த வரியையும் காட்டியது: பதிவுசெய்த கைபேசி எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது.

பதிவுசெய்த எண் யாருடையது? கற்பூரத் தட்டு யார் கையில் இருந்தது? டில்லி தன் நம்பரையே தட்டியிருந்தான்.

டில்லியின் போனுக்கு அடித்தோம். 'தொடர்பு எல்லைக்கு அப்பால்.' மறுபடியும் அடித்தோம். சென்னை சேல்ஸ்மேனுக்கு அடித்தோம். அவர் உடனே எடுத்தார். ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"அந்த ஓடிபிய மட்டும் சொல்லுங்க மேடம், ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடலாம்."

"அது வேற ஆளோட போனுக்குப் போயிருக்குது சார். அவருக்கு லைன் கிடைக்கல. வேற நம்பருக்கு மாத்திக் குடுங்க."

"மாத்தலாம் மேடம். ஆனா அதுக்குப் பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி போவும்."

மஞ்சுளா போனை மேஜைமேல் வைத்தாள். பச்சையப்பன் மோர் கொண்டுவந்து நின்றவர், திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"மெஷின் நீ பண்ணது. படம் உங்க ஆளு போட்டது. அப்பால இவன் யாரு, பாக்கறதுக்கு பர்மிஷன் குடுக்க?"

மோர் அப்படியே இருந்தது. நாலரை ஆயிற்று. டில்லிக்கு அடித்துக்கொண்டே இருந்தோம். ஐந்து ஆயிற்று. இணையதளத்தில் அந்தப் பக்கம் மூடிக்கொண்டது. மஞ்சுளா மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் நிலா. எவ்வளவு பெரியது தெரியுமா? எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மஞ்சுளா பையை மடியில் வைத்து அதன்மேல் தலையைச் சாய்த்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். "நாலு வருஷம்ணா" என்றாள். அப்புறம் அழுதாள். கண்டக்டர் எழுந்து முன்பக்கம் போய்விட்டார்.

மறுநாள் வேங்கிக்காலில், இதற்கான அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், கேட்டுக்கொண்டார்.

"நேத்து ஊருக்குள்ள நெட்டே இல்ல சார்" என்றாள் மஞ்சுளா.

"தெரியும்மா. எங்க ஆபீஸ்லயும் இல்ல. ஆனா சைட்டு சென்னைல இருந்து ஓடுது. அங்க நெட் இருந்துச்சே." பிறகு அவரே கேட்டார். "அதில்லாம, நேத்து பௌர்ணமின்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே? இந்த ஊர்க்காரங்கதானே நீங்க?"

ஆமாம் சார். இந்த ஊர்க்காரர்கள்தான்.

பட்டியல் வந்தது. மஞ்சுளாவின் மெஷின் அதில் இல்லை. டில்லி ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டான். போகிற அன்று அவன் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை, அவள் முகத்தை அவனாலும். ஷெட்டில் இப்போது ஜன்னல் கிரில்லும் கேட்டும் செய்கிறாள். தை பிறந்தால் ஓசூர்.

இந்த நிலைமையில்தான் சென்ற வாரம் பச்சையப்பனின் போன்.

"மஞ்சு, கோச்சிக்காத. லிஸ்ட்ல இருந்த மெஷினத்தான் வாங்கினேன், மானியத்த வுட முடியல. புது மெஷினு... மல்லாட்டை எல்லாம் குருணையாப் பூடுது. நீ வந்து ஒரு பார்வை பாக்கறியா?"

"போகாதே" என்றேன் நான். எனக்கு அவ்வளவு கோபம். அவள் ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன்.

மெஷின் பளபளவென்று இருந்தது. உருளைக்கும் சல்லடைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி சொல்லியிருக்கிறார்கள் என்று பார்க்க, அவள் மேனுவலைக் கேட்டாள். பச்சையப்பன் பாலிதீன் கவரிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வழவழ காகிதம். முதல் பக்கத்தில் ஒப்புதல் எண். பட்டியலில் சேருவதற்குக் கொடுத்த அதே மேனுவல்தான்.

மஞ்சுளா ஒரு பக்கம் புரட்டினாள். இன்னொரு பக்கம். இன்னொன்று. பிறகு அதை என்னிடம் நீட்டினாள்.

ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும், சாம்பல் நிறத்தில், மங்கலாக: 'சோதனைப் பதிப்பு'.

அதே சாஃப்ட்வேர். அதே எழுத்து. அப்படியே அச்சடித்திருக்கிறார்கள். யாரும் தூக்கிக் கடாசவில்லை.

அவள் மெஷினுக்குக் கீழே உட்கார்ந்து நட்டைத் தளர்த்தினாள். சல்லடையை இறக்கினாள், இறுக்கினாள். பச்சையப்பன் ஒரு கூடை மல்லாட்டையைக் கொட்டினார். பருப்பு முழுசு முழுசாக விழுந்தது. அவர் அதை அள்ளிப் பார்த்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டார்.

வண்டியில் திரும்பினோம். ஷெட் வாசலில் இறங்கும்போதுதான் கேட்டாள்.

"அப்ப நான் எதுக்குண்ணா லைசென்ஸ் வாங்கினேன்?"

அன்றைக்கு சபாஷ் சொன்ன அண்ணனுக்கு இன்றைக்குப் பேச வாய் இல்லை. உங்களில் யாருக்காவது பதில் தெரிந்தால் எழுதி அனுப்புங்கள், அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.

பௌர்ணமி அன்று மட்டும் அனுப்பாதீர்கள் – வந்து சேராது.